மழலை வாயும் படநூலும்

(அயனம்பாக்கத்தில் பெற்றோரும் மழலையர் ஆசிரியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

படநூல்களைக் கொண்டு மழலையர்க்கு மொழித்திறன் ஊட்டுவது எவ்வாறு என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். படநூல் என்று நான் சொல்கின்றேன். பாவாணர் வழிநின்று 'படப் பொத்தகம்' என்பாரும் இவ்வவையில் இருக்கலாம். அங்ஙனமே சொல்லிக் கொள்க. பெயரைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. வழக்கெல்லாம், அந்நூலைத் திறந்து வைத்தபின் யாருடைய வாய் பேசுகின்றது என்பதைப் பற்றியதே.

சென்ற கார்ப்பருவத்தில், மழைவிட்ட ஒரு மாலைப் பொழுதில், நான்கு அகவை நிரம்பிய என் பெயர்த்தியை அழைத்துக்கொண்டு நம் ஏரிக்கரைக்குச் சென்றேன். நீர் நிறைந்து கிடந்தது. கரையோரத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது ஒரு கொக்கு. குழந்தை கையை நீட்டி, "தாத்தா, டக்கு!" என்றாள். டக்கு என்றால் ஆங்கிலத்தில் வாத்து. "அது கொக்கு, அம்மா" என்றேன். அவள் ஒப்பவில்லை. "தண்ணியில இருந்தா டக்கு. நூலில போட்டிருக்கு" என்றாள். மறுநாள் அந்நூலை வாங்கிப் பார்த்தேன். நீல நிறத்தில் நீர். அதன்மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு வாத்துக்குஞ்சு. அடியில் நான்கு ஆங்கில எழுத்துகள். அவ்வளவே.

அவள் படிக்கும் பள்ளியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொல்லிப் பயனும் இல்லை. அம்பத்தூரிலிருந்து பூவிருந்தவல்லி வரை அத்தகையவை தெருவுக்குத் தெரு உள்ளன. மேலும், அவளை அங்குக் கட்டணம் கட்டிச் சேர்த்தவன் என் மகன். சேர்க்கும்போது வாய்மூடி இருந்தவன் நான். ஆகலின் பழியில் ஒரு பங்கை என் தலைமேல் ஏற்றுக்கொண்டே பேசுகின்றேன்.

அன்று அக்குழந்தை இழந்தது கொக்கு என்னும் ஒரு சொல்லை மட்டும் அன்று. அந்தப் பறவை ஏன் ஒற்றைக் காலில் நிற்கின்றது, எதைப் பார்க்கின்றது, எப்பொழுது பறக்கும் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நூல் விடையை முன்னரே கொடுத்துவிட்டது. கண் திறந்திருந்தது, நூல் அதனை மூடிவிட்டது. படநூல் என்பது கண்ணைத் திறப்பதற்கன்றோ!

ஆங்கில நெடுங்கணக்குப் படங்களைப் பழித்துவிட்டு அமர்ந்துவிட்டால் நீங்கள் கைதட்டுவீர்கள். பனிக்கட்டியால் ஆன வீட்டையும், இமயத்துக்கு அப்பால் மேயும் கவரிமாவையும் அயனம்பாக்கத்துக் குழந்தை எங்கே கண்டது என்று கேட்டால் அவை சிரிக்கும். ஆனால், நாம் நம் சுவரில் மாட்டி வைத்திருக்கும் தமிழ்ப் படத்தாளையும் சிறிது நோக்குங்கள். அகரத்துக்கு அம்மா; ஆகாரத்துக்கு ஆடு; ஒகரத்துக்கு ஒட்டகம்; ஔகாரத்துக்கு வேறு வழியின்றி ஔவையார். ஆண்டுக்கணக்காக மழலையர் அதைப் பார்த்துக் கூவுகின்றனர். அம்மா எதையும் செய்யாமல் நிற்கின்றாள். ஆடு மேய்வதில்லை. ஒட்டகம் நடப்பதில்லை. அஃது எழுத்து அட்டை, படநூல் அன்று. தமிழில் அச்சிட்டமையாலேயே அது தமிழ் கற்பித்துவிடாது. இதைச் சொல்லும்போது நம் தோழர்கள் சிலர்க்கு வருத்தம் உண்டாகும் என்பதை அறிவேன்.

நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப்பள்ளியில் அந்த அட்டையைச் சுட்டுகோலால் தட்டியவனே. அங்கு என்னிடம் படித்த ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவன் தந்தை இந்த ஏரியில் வலைவீசுபவர். பையன் வந்து நான்கு திங்கள் ஆயின; வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் கூவும்போது உதட்டை மட்டும் அசைப்பான். நான் அவனை மக்கு என்று முடிவு கட்டினேன். பதிவேட்டிலும் அவ்வாறே எழுதினேன். ஒருநாள் சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் ஓர் ஏரியை வரைந்தேன். ஓவியம் எனக்கு வராது, எனினும் ஒரு கரை, ஒரு பனைமரம், நீரில் ஓர் ஆள், அவர் கையில் வலை என்று கிறுக்கி, "இவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "வலைய அப்பிடிப் பிடிக்கக் கூடாது."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவன் எழுந்து வந்தான். வலையை எப்படித் தோளில் மடித்துப் போடுவது, எப்படிச் சுழற்றி விரிப்பது என்று கையால் காட்டினான். கெண்டை துள்ளும் என்றான். விரால் சேற்றில் பதுங்கும் என்றான். கெளுத்தி முள்ளால் குத்தும் என்றான். மதகு, கலங்கல் என்னும் சொற்கள் அவனுக்குத் தெரிந்திருந்தன. அவ்வகுப்பில் வேறு எவர்க்கும் தெரியவில்லை. துள்ளும், பதுங்கும், குத்தும் என்று மூன்று மீனுக்கு மூன்று வினைச்சொற்கள்! நான் மக்கு என்று எழுதிய பையனுடைய சொற்களஞ்சியம் அது. அன்று மாலை பதிவேட்டைத் திருத்தினேன். அந்த நான்கு திங்களை என்னால் திருத்த முடியவில்லை.

படத்துக்கும் சொல்லுக்கும் உள்ள உறவை உலகுக்கு முதலில் நூல்வடிவில் காட்டியவர் கொமேனியசு என்னும் பெரியார். மொராவிய நாட்டில் 1592 ஆம் ஆண்டு பிறந்தவர், செக் மொழியினர், சமயப் பகையால் 1628 இல் தம் நாட்டை விட்டு வெளியேறி, வாழ்நாள் முழுதும் அயல்நாடுகளில் அலைந்தவர். அவர் எழுதிய படநூல் 1658 இல் நூரம்பர்க்கு நகரில் அச்சாயிற்று. மரத்தில் செதுக்கி அச்சிட்ட 150 படங்கள் அதில் இருந்தன. படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அதே எண் அதைக் குறிக்கும் சொல்லுக்கு அருகிலும் உண்டு. குழந்தையின் விரல் படத்துக்கும் சொல்லுக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கும். இலத்தீன் கற்பிக்கவே எழுந்த நூல்தான். ஆயினும் இலத்தீனுக்குப் பக்கத்திலேயே குழந்தையின் தாய்மொழியாகிய செருமானியத்தையும் அவர் அச்சிடச் செய்தார். பன்னிரண்டு அகவை வரையில் தாய்மொழியிலேயே கல்வி என்பது அவர் கொள்கை. முதல் ஆறு ஆண்டுகளின் பள்ளிக்கு அவர் இட்ட பெயர் 'தாய்மடி'.

அந்நூலின் நெடுங்கணக்கை நான் எண்ணி எண்ணி வியப்பதுண்டு. அதன் முதல் எழுத்துக்கு ஒரு காக்கை கரைகின்றது. அடுத்த எழுத்துக்கு ஓர் ஆட்டுக்குட்டி கத்துகின்றது. பெரும்பாலும் ஒவ்வோர் எழுத்தும் ஓர் உயிரின் குரல். ஒவ்வொரு படத்தோடும் ஒரு வினை. எழுத்துக்குப் பொருளைக் காட்டாமல் செயலைக் காட்டினார் அவர்.

இந்த இடத்தில்தான் தமிழின் வளத்தை நாம் நினைவுகூர வேண்டும். காக்கை கரையும், சேவல் கூவும், கோழி கொக்கரிக்கும், நாய் குரைக்கும், குதிரை கனைக்கும், யானை பிளிறும், மயில் அகவும், ஆந்தை அலறும், வண்டு முரலும். தென்னைக்கு ஓலை, வாழைக்கு இலை, நெல்லுக்குத் தாள், தாழைக்கு மடல். கோழிக்குக் குஞ்சு, பசுவுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி. இளமைப் பெயர்களை மட்டும் ஒன்பதாக எண்ணித் தொகுத்து வைத்தார் தொல்காப்பியர் தம் மரபியலில். இவற்றை நாம் எப்போது கற்பிக்கின்றோம்? ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ, மரபுச் சொற்கள் என்று தலைப்பிட்டு, கோடிட்ட இடத்தை நிரப்புக என்று! மூன்று அகவையில் ஒரு படத்தின் முன் விளையாட்டாக வரவேண்டிய சொற்களைப் பன்னிரண்டு அகவையில் மதிப்பெண்ணுக்காக உருப்போடச் செய்கின்றோம். அதற்குள் அக்குழந்தைக்கு எல்லாப் பறவையும் 'கத்தும்'. எல்லா மரத்துக்கும் 'இலை'தான்.

இனி, படநூலைக் கையாளும் முறை. இதில் ஆசிரியர்களை விடத் தாய்மார்களே என் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டுகின்றேன். 1988 இல் அமெரிக்க ஆய்வாளர் ஒயிட்டர்சுட்டும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று அகவைக் குழந்தைகள். அவர்களைப் பெற்றோர் இரு குழுவினர். இரு குழுவினரும் தம் குழந்தைகளுக்கு வீட்டில் படநூல் படித்துக் காட்டியவர்களே. ஒரு குழுவினர் வழக்கம்போல் படித்துக் காட்டினர். மற்றைக் குழுவினர் படிப்பதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டினர். 'ஆம்', 'இல்லை' என்று முடியாத வினாக்களைக் கேட்டனர். குழந்தை சொன்னதைச் சற்றே நீட்டித் திருப்பிச் சொன்னர். பிறகு மேலும் கேட்டனர். ஒரு திங்கள்தான். கேட்டவர்களின் குழந்தைகள் பேச்சுத்திறனில் மற்றக் குழந்தைகளைப் பல திங்கள் அளவுக்கு முந்தியிருந்தனர். படிக்கும் முறை ஒன்றே வேறுபாடு.

வீட்டில் இதைச் செய்வது எளிது. படம்: ஒரு பூனை கிண்ணத்தில் பால் குடிக்கின்றது. "இது என்ன?" என்று கேட்டால் "பூனை" என்று ஒரு சொல் வரும், அத்துடன் முடிந்தது. "பூனை என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். "பால் குடிக்குது." "ஆமாம், நாக்காலே நக்கி நக்கிக் குடிக்கிறது. நீ எப்படிக் குடிப்பாய்?" குழந்தை உறிஞ்சிக் காட்டும். "ஓ, நீ உறிஞ்சிக் குடிப்பாயா? குடித்து முடித்ததும் பூனை எங்கே போகும்?" இப்போது படத்தில் இல்லாதது வரும். அடுப்படிக்குப் போகும், எலியைப் பிடிக்கும், தூங்கும். நிகழ்காலம், எதிர்காலம், முன்னிலை, படர்க்கை அனைத்தும் ஐந்து மணித்துளியில் ஒரு பூனையோடு வந்துவிட்டன. இலக்கணம் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் அதே நூலைத்தான் குழந்தை கேட்கும், சலிப்படையாதீர்கள். நேற்று நீங்கள் சொன்னதை இன்று அது உங்களுக்குச் சொல்லும்.

ஒன்றை வேண்டிக் கொள்கின்றேன். படத்தின் முன் எழுத்தைத் திணிக்காதீர்கள். மூன்றரை அகவைக் குழந்தையின் கையில் கரிக்கோலைத் திணித்து, 247 எழுத்துகளையும் புள்ளிமேல் புள்ளியாக எழுதச் சொல்வதைப் பல பள்ளிகளில் கண்டு மனம் நொந்திருக்கின்றேன். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் வரிசை வெறும் அழகுக்காக வைக்கப்பட்டதன்று. விரல் எலும்பு முற்றாத அகவை அது. நிறையக் கேட்டுப் பேசிய குழந்தை, எழுத்தைத் தானே தேடி வரும்.

தூய தமிழ் பற்றி இங்கு வினா எழும். குழந்தை படத்தைக் காட்டி "பஸ்சு" என்றால் என்ன செய்வது? அதட்டாதீர்கள். அதட்டினால் வாய் மூடும். மூடிய வாயில் எந்தத் தமிழும் நுழையாது. "ஆமாம், பேருந்து வருகிறது. பேருந்தில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பத்தாம் முறை அதுவே பேருந்து என்னும். கொச்சைக்கும் இதுவே மருந்து. "போவுது" என்னும் குழந்தைக்குப் "போகிறது" என்று இயல்பாகத் திருப்பிச் சொல்லுங்கள். வீட்டுப் பேச்சு செந்தமிழுக்குப் பகையன்று, அதுவே வாயில். முதலில் படத்தைப் பார்த்து வீட்டு மொழியில் பேசிவிட்டு, பின்னர் அதே பக்கத்தின் அடியில் உள்ள எழுத்துமொழியைப் படித்துக் காட்டினால், இரண்டுக்கும் இடையே உள்ள படியைக் குழந்தை தானே ஏறிவிடும். நம் இயக்கத் தோழர்கள் குழந்தைகளுக்கென்று எழுதும் சில நூல்களில் பெரியவர்க்கே அகரமுதலி தேவைப்படும் சொற்கள் மலிந்து கிடக்கின்றன. அவை நம் புலமையைக் காட்டுமேயன்றிக் குழந்தைக்குப் பயன்படா.

இப்போது ஓர் அயல்நாட்டுச் செய்தி. நம் நிலைக்கு மிக நெருங்கியது ஆகலின் சொல்கின்றேன். நியூசிலாந்தில் மாவோரி இனக் குழந்தைகளுக்கு ஆங்கிலப் பள்ளிகளில் ஆங்கிலேயக் குடும்பப் படங்கள் நிறைந்த நூல்களைக் கொடுத்தனர். குழந்தைகள் படிக்கவில்லை, அறிவு குறைந்தவர் என்று முத்திரை குத்தினர். அவர்களுக்குக் கற்பித்த சில்வியா ஆசுட்டன் வார்னர் என்னும் அம்மையார் அந்நூல்களை ஒதுக்கி வைத்துவிட்டு, "உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்டார். அது கேட்ட சொல்லை அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்தார். அவர்தம் வாழ்க்கையைக் காட்டும் படங்களைத் தாமே வரைந்து நூல்களாக்கினார். தாம் கண்டவற்றை 1963 இல் 'ஆசிரியர்' என்னும் பெயரில் வெளியிட்டார். அவர் கற்பித்தது ஆங்கிலமே. ஆனால் குழந்தையின் உலகத்திலிருந்து தொடங்கினார். பின்னர் மாவோரி மக்களே விழித்தெழுந்தனர். தம் மொழி பேசுவோர் முதியவராகி மறைந்து வருவதைக் கண்டு, 1982 இல் மழலையர்க்கென 'கோகங்கா ரேயோ' என்னும் நிலையங்களைத் தொடங்கினர். அதற்கு 'மொழிக்கூடு' என்பது பொருள். பாட்டன்மாரும் பாட்டிமாரும் அங்கு அமர்ந்து மாவோரியிலேயே குழந்தைகளுடன் பேசுவர். மொழியைக் காப்பதற்கு அவர்கள் தேர்ந்த இடம் பல்கலைக்கழகம் அன்று. ஐந்து அகவைக்கு உட்பட்டவர்களின் கூடு!

நம் நாட்டில் நிலை என்ன? தமிழ் கற்பிக்க வேண்டும் என்று 2006 இல் சட்டம் வந்தது, நல்லது. ஆனால் அது முதல் வகுப்பில் தொடங்குகின்றது. அதற்கு முந்திய மழலையர் வகுப்புகளை அது தொடவில்லை. சொல்வளம் பெருகும் அந்த மூன்றாண்டுகளும் திறந்த வெளியாய்க் கிடக்க, அங்கே யார் வேண்டுமாயினும் கூடாரம் அடித்துக் கொள்கின்றனர். 2019 சனவரியில் அரசே 2,381 குழந்தை நடுவங்களில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கியபோது, பயிற்று மொழியாகத் தமிழ் தலைநிமிரும் என்று எதிர்பார்த்தோம்; ஆங்கில வழி என்பதே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. 'அங்கன்வாடி' என்னும் பெயரும் நமக்கு வேற்றுப் பெயரே. முற்றம் என்னும் பொருளில் எழுந்த சொல் அது. முற்றம் என்றே பெயரிட்டிருந்தால் எத்துணை அழகு! எனினும் அங்குப் பணிபுரியும் பெண்கள் குறைந்த ஊதியத்தில் தமிழில் பாடியும் ஆடியும் குழந்தைகளை வளர்க்கின்றனர். அவர்களைக் குறைகூற எனக்கு வாய் வராது. நம் பக்கத்து ஊராகிய அம்பத்தூரில் 1993 இல் தாய்த்தமிழ்ப் பள்ளி தொடங்கப்பெற்றதை உங்களுள் மூத்தோர் அறிவர். அத்தகைய பள்ளிகள் பல ஊர்களில் எழுந்தன, பொருள்முடையோடு போராடுகின்றன.

"தமிழில் நல்ல படநூல்கள் எங்கே உள்ளன?" என்று கேட்பீர்கள். முன்னர் இக்கேள்விக்கு விடை சொல்வது கடினம். இன்று அவ்வாறு இல்லை. சென்னையிலேயே துளிகா பதிப்பகம் 1996 முதல் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் படநூல்களை வெளியிட்டு வருகின்றது. பிரதம் நூல் நிறுவனம் 2015 இல் தொடங்கிய 'இசுடோரி வீவர்' என்னும் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை விலையின்றிப் படிக்கலாம். இறக்கி அச்சிட்டுக் கொள்ளவும் இசைவு உண்டு. சிங்கப்பூரில் 2014 முதல் கல்வி அமைச்சே நடத்தும் மழலையர் பள்ளிகளில், வகுப்பு முழுதும் ஒருங்கே காணத்தக்க பெரிய படநூல்களைத் தமிழிலும் பயன்படுத்துகின்றனர். தமிழர் சிறுபான்மையராய் உள்ள நாடு அது. இங்கோ!

ஆயினும் கடையில் வாங்கும் நூல்களை ஒரு முறை புரட்டிப் பார்த்து வாங்குங்கள். வேற்று நாட்டுக் கதைக்குத் தமிழ்ச் சொற்களை ஒட்டி விற்பனவும் உள்ளன. பனி பெய்யும், கம்பளிக் குல்லாய் அணிந்த சிறுவன் பனிப்பொம்மை செய்வான், அடியில் தமிழ் இருக்கும். அந்தப் பக்கத்தில் நம் குழந்தை எதைப் பற்றிப் பேசும்? வேற்றுலகையும் அது அறியட்டும், நான் தடுக்கவில்லை. தன் ஏரியை அறிந்த பின்னர் அறியட்டும்.

அதனால்தான் உங்களிடம் ஒரு வேலையைச் சொல்ல வந்தேன். அயனம்பாக்கம் ஏரியைப் பற்றி ஒரு படநூல் நாமே செய்வோம். பதினாறு பக்கம் போதும். வலைவீசும் ஆள், கரையில் மேயும் எருமை, அதன்மேல் அமர்ந்த கரிக்குருவி, மீன்கொத்தி, துணி துவைக்கும் பெண், மழைநாளில் நிரம்பி வழியும் கலங்கல். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு செயல் இருக்க வேண்டும். அடியில் ஒரே ஒரு தொடர். அதையும் நாம் எழுதுவதற்கு முன் குழந்தைகளிடம் படத்தைக் காட்டி அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவோம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே கூடத்தில் தாளும் வண்ணமும் வைத்திருப்பேன். வரையத் தெரிந்த பெண்கள் இருவர் வருவதாகச் சொல்லியுள்ளனர். உங்கள் குழந்தைகளைத் தவறாமல் அழைத்து வாருங்கள். என் பெயர்த்தியும் வருவாள்.

மீன்களின் பெயர்களைப் பிழையின்றிச் சொல்ல ஒருவர் வேண்டும். நான் மக்கு என்று எழுதிய அந்தப் பையன் இன்று இரு குழந்தைகளுக்குத் தந்தையாய், அதோ, கடைசி வரிசையில்தான் இப்போதும் அமர்ந்திருக்கின்றார். அவரிடம் முன்னரே கேட்டுவிட்டேன். வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.